அவன் குரலில் போன வார்த்தைகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று தெருவில் கேட்டால் எஸ்தர் "கம்ப்யூட்டர் கம்பெனியில்" என்பாள். சர்ச்சில் கேட்டால் "தமிழ் சம்பந்தப்பட்ட வேலை" என்பாள். இரண்டும் பொய் இல்லை. உள்ளதைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாங்காவிட்டாலும் அவளுக்குச் சொல்ல வாய் வராது. ஐம்பத்து நாலு வயதுப் பொம்பளை, பாளையங்கோட்டையில் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, ஆண்பிள்ளைகள் வைகிற வசவையெல்லாம் காதில் வாங்கி நல்ல வார்த்தையாக மாற்றி அனுப்புகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஆட்டத்தின் பெயர் ஏழுகடல். கப்பலுக்குப் பத்துப் பேர். ஒருத்தன் ஓசூரில் இருப்பான், ஒருத்தி துபாயில் இருப்பாள், எல்லாரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே கப்பலை ஓட்டிச் சண்டை போடுவார்கள். பேசாமல் அந்த ஆட்டம் ஆட முடியாது. பேச்சென்று வந்தால் மற்றதும் வரத்தானே செய்யும். கப்பலில் ஒரு பெண்குரல் கேட்டால் போதும், அடுப்படிக்குப் போ என்பதில் ஆரம்பித்து, உடம்பைப் பற்றிப் பேசி, அம்மாவை இழுத்து, எங்கெல்லாமோ போய் நிற்பார்கள். பெண்கள் விலகிப் போனார்கள். விலகாதவர்கள் புகார் எழுதினார்கள். பேப்பரில் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எஸ்தர் மேலாளர் ஆதவனிடம் கேட்டாள், வைதவனை வெளியே தள்ளினால் ஒரே நாளில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு மெஷின் எதற்கு என்று. அவனுக்கு அவள் மகன் வயது. சிரித்தான்.

"தள்ளினா ஆட்டம் யாரு ஆடுவா மேடம்? பீரங்கி வாங்குறது அவன், பாய்மரம் வாங்குறது அவன். பொண்ணுங்களும் வேணும், அவனும் வேணும். அதுக்குத்தான் இதம்."

இதம் என்பது அந்த மெஷினுக்கு அவர்கள் வைத்த பெயர். அவன் என்ன பேசினாலும் அது இடையில் பிடித்துக்கொள்ளும். குரல் அவனுடையதுதான், ஏற்ற இறக்கம் அவனுடையதுதான், வார்த்தை மட்டும் வேறாகப் பெண்ணின் காதில் விழும். சும்மா வெட்டிவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆகவே வெட்டிய இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். தெரிந்த வசவு என்றால் மெஷினே வைத்துவிடும். புதிதாக ஒன்று வந்தால் எஸ்தர் போன்றவர்களின் காதுக்கு வரும். மூன்று விநாடி கடல் இரைச்சல் ஓடும். அதற்குள் அவள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் வாயால் சொன்னது அவன் குரலில் போய்ச் சேரும்.

விதிப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: வாக்கியத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. "சரி", "அடுத்த முறை பார்ப்போம்", "கவனமாக ஆடுவோம்". பாசம் காட்டாதே, உறவு கொண்டாடாதே.

எஸ்தரும் ஒரு மாதம் அப்படித்தான் சொன்னாள். பிறகு நாக்கு தானாக வேறு பக்கம் போயிற்று. மூன்று விநாடியில் ஒரு மனுஷிக்கு வேறென்னதான் வரும்? "சாப்பிட்டியா?" என்றாள். "ரொம்ப நேரமா ஆடுத, கண்ணு வலிக்கலையா?" என்றாள். ஒருமுறை, ஒருத்தன் ஒரு பெண்ணை இன்ன தொழில் செய்யப் போ என்றபோது, "நீ இருந்தா கப்பல் கரை சேந்துரும்" என்று சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். கல்லூரியில் படிக்கிற காலத்தில் அவளும் இதுபோல ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறாள். நாலே நாள். ஐந்தாம் நாள் ஹெட்போனைத் தம்பியிடம் கொடுத்தவள் பிறகு தொடவே இல்லை. அன்றைக்கு ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் என்ற ஏக்கம் முப்பது வருஷம் கழித்து மற்ற பெண்களின் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலிடத்துக்கு இது தெரியாமல் இல்லை. தமிழ்ப் பெண்கள்தான் மற்ற எல்லா மொழிக்காரிகளையும்விட அதிக நேரம் ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்று கணக்கு வந்ததும் விதிப் புத்தகத்தை யாரும் எடுத்துக்காட்டவில்லை. எஸ்தருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

மூன்று வருஷத்தில் புகார் என்று ஒன்றுகூட வரவில்லை. அதைக் கொண்டாட ஒரு கூட்டம் போட்டார்கள். ஏழுகடலில் பழகிக் கல்யாணம் வரைக்கும் வந்த ஒரு ஜோடியை அழைத்திருந்தார்கள். பெண் தர்ஷிகா, சங்கரன்கோவில்காரி, இருபத்திரண்டு வயது. பையன் நிரஞ்சன், ஓசூரில் வேலை. பேச்சு முழுக்க ஆட்டத்தின் லைனில்தான். நேரில் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் பெரியவர்கள் சூழ்ந்திருக்க. நிச்சயம் முடிந்து, அடுத்த மாதம் கல்யாணம்.

தர்ஷிகா மைக்கைப் பிடித்துக் கூச்சமில்லாமல் பேசினாள். பொம்பளப் பிள்ளைகள் ஆடினால் அசிங்கமாகப் பேசுவார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சும்மா பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், தன்னை ஒருத்தர்கூட ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை என்றாள். கைதட்டினார்கள். எஸ்தரும் தட்டினாள்.

பிறகு அவள் சொன்னாள்: "எங்க அப்பா இறந்த அன்னிக்கு நான் கப்பல்லதான் இருந்தேன். போன் வந்துச்சு. அப்பா போயிட்டாங்க, நான் போகணும்னு அழுதுகிட்டே சொன்னேன். அப்ப இவரு சொன்னாரு, ஆட்டம் கிடக்கட்டும், பாத்துப் போ, போறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணியாவது குடின்னு. எனக்கு அன்னிக்கு அதைச் சொல்ல யாரும் இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

எஸ்தரின் கை பாதியில் நின்றது. அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னது அவள்.

நிரஞ்சன் எழுந்து நன்றி சொன்னான். பேச்சு முடிகிற இடத்தில் மூச்சை மூக்கால் தள்ளுகிற பழக்கம். அவன் கப்பல் இரண்டு வருஷமாக அவள் காதுக்குத்தான் வந்துகொண்டிருந்தது; அந்தக் குரலை அவள் ஆயிரம் குரலில் அடையாளம் காட்டுவாள். அன்றைக்கு அந்தக் குரல் உண்மையில் சொன்னது அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது: செத்தவன் நாளைக்கும் செத்துத்தான் கிடப்பான், ஆட்டத்தை முடிச்சிட்டுப் போடி. அதற்கு முன்னும் பின்னும் சொன்னவற்றை அவள் நினைக்கவும் விரும்பவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவுகிற இடத்தில் தர்ஷிகாவைத் தனியாகப் பிடித்தாள். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். இதம் என்ன செய்கிறது, தான் யார், தண்ணீர் குடிக்கச் சொன்னது யார். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை. பைத்தியத்திடம் பேசுகிற பதனத்தோடு பேசினாள்.

"மேடம், நீங்க சொல்றது உங்க வாயிலேருந்து வருது. நான் கேட்டது அவரு குரல்ல."

"குரல் அவனோடதுதான் தாயி. வார்த்தைதான் அவனோடது இல்ல."

"ஏன் இதைச் சொல்றீங்க? உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

வேலை போகும், கேஸ் போடுவார்கள், வேறொன்றும் கிடைக்காது என்றாள் எஸ்தர். தன்னை நம்ப வேண்டாம், ஓர் ஆம்பளைப் பெயரில் புதுக் கணக்குத் திறந்து அவன் கப்பலில் ஏறி, வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் இருந்து பார் என்றாள். ஆணும் ஆணும் பேசிக்கொள்வதில் இதம் குறுக்கே வராது. அவர்கள் பேசுவதை அவர்கள் அப்படியே கேட்கலாம்.

நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், எஸ்தர் டிபன் பாக்ஸைத் திறக்கையில் போன் வந்தது.

"கேட்டேன்" என்றாள் தர்ஷிகா. "ஒரு மணி நேரம் இல்ல, மூணு நாள் கேட்டேன். என்னப் பத்தியும் பேசுனாரு."

எஸ்தர் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"இவள மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டான்னு சொன்னாரு ஆன்ட்டி. என்ன வைதாலும் சிரிப்பா, ஒரு தடவைகூட எதுத்துப் பேசினதில்ல, கட்டினா இப்படி ஒருத்தியைத்தான் கட்டணும்னு சொன்னாரு. நான் எப்ப சிரிச்சேன்? எனக்குத்தான் ஒண்ணும் கேக்கவே இல்லையே."

அதை அவளுக்கு விளக்குவதுதான் எஸ்தருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவன் ஒன்று சொல்ல, அவள் காதில் வேறொன்று விழ, அவள் அதற்குப் பதில் சொன்னால் அந்தப் பதில் அவனுக்குப் பொருந்துமா? அவன் வைய, இவள் "சாப்பிட்டேன், நீங்க?" என்றால் அவன் முழிக்க மாட்டானா? ஆகவே அந்தப் பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது. பெண்ணின் பதிலை அவனுக்கு ஏற்ற மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். அது அடுத்த மேசை வள்ளிமயிலின் வேலை. இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் ஊறுகாய் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள், ஆனால் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் யார் யாருக்கு என்ன அனுப்புகிறோம் என்று ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பெண் எதிர்த்துப் பேசினால் பையன்கள் இன்னும் துள்ளுவார்கள், அழுதால் அதைவிட மோசம். அதனால் வள்ளிமயிலுக்குக் கொடுத்திருந்த விதி ஒன்றே ஒன்று: சிரிப்பு.

"அப்ப அன்னிக்கு நான் அழுதது?"

"சேதி போயிருக்கும். அழுகை சிரிப்பாத்தான் போயிருக்கும்."

"அப்ப அவரும் என்னைக் கேட்டதே இல்ல" என்றாள் தர்ஷிகா. பிறகு, வேறு யாரையோ விசாரிப்பது போலக் கேட்டாள்: "ரெண்டு வருஷமா நான் யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

எஸ்தருக்கு என்னிடம்தான் என்று சொல்ல வாய் எழவில்லை.

கல்யாணம் வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும் யாரும் நம்பவில்லை என்றும் தர்ஷிகா சொன்னாள். மாப்பிள்ளை அத்தை, மாமா என்று மரியாதை குறையாமல் பேசுகிறவன். கேட்டதைப் பதிவு செய்து காட்டினாலும் பயனில்லை. யார் குரலிலும் எந்த வார்த்தையையும் மெஷின் வைக்கும் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள்; பதிவும் அப்படிச் செய்ததுதான் என்பார்கள். ஆம்பளை வேஷம் போட்டு ஒட்டுக் கேட்டாயா என்று தாய்மாமா பரமசிவம் அவளைத்தான் வைதார். பத்திரிகை அடித்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

"நீங்க வந்து சொல்லணும் ஆன்ட்டி. நீங்க தினம் கேட்டவங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"வந்து என்ன சொல்ல?"

"அவரு சொன்னத."

அந்த வார்த்தைகளையா என்று எஸ்தர் கேட்கவில்லை. வேறு எந்த வார்த்தைகளை?

சனிக்கிழமை பஸ் ஏறிச் சங்கரன்கோவில் போனாள். போவதற்கு முன் வள்ளிமயிலிடம் மட்டும் சொன்னாள். அவள் எஸ்தரின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். பிறகு, எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கக்கா என்றாள்.

வீட்டில் மூன்று பேர். தர்ஷிகா சுவரோரம் நின்றாள். மாமா நாற்காலியில் இருந்தார். அம்மா கோமதி தரையில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்; கல்யாணத்துக்கு ஊறுகாய் போட என்று அவ்வளவு பூண்டு. காபி கொடுத்தார்கள். எஸ்தர் தன் வேலையைச் சொன்னாள். தன் வயதுக்காரர்களிடம் முதல் முறையாக அதை முழுசாக, அதற்குரிய பெயரில் சொன்னாள். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு, பையன் கோபத்தில் ஒன்றிரண்டு பேசியிருப்பான், ஆட்டத்தில் எல்லாரும் பேசுவதுதானே, என்ன பெரிதாகப் பேசிவிட்டான் என்று கேட்டார்.

"என்ன பேசினான்னுதானே கேக்கீய. சொல்லுதேன்" என்றாள் எஸ்தர்.

கண்ணை மூடிக்கொண்டாள். சர்ச்சில் வேதப்பாடம் வாசிக்கிற குரல் அவளுக்கு. ஏற்றமில்லாமல், இறக்கமில்லாமல், ஒரு சொல்லும் விழுங்காமல் வாசிப்பாள். அந்தக் குரலில்தான் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வீட்டுக்குள் வந்து விழுந்தன. நாலாவது வாக்கியத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மாமா வெளியே போய்விட்டார். போகிற போக்கில், இந்த வயசுல என்ன வாய் இது என்று அவளைச் சொன்னது காதில் விழுந்தது. எஸ்தர் நிறுத்தவில்லை. அப்பா செத்த அன்றைக்குச் சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. அதையும் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். முகம் எரிந்தது.

கோமதியின் கை நிற்கவே இல்லை. தோல் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம் என்று விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு."

"போதும்." ஒரு பல்லை உரித்துப் போட்டாள். "எங்க வீட்டு வார்த்தையெல்லாம் இந்தப் பயலுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிக்கேன்."

எஸ்தருக்குப் புரியவில்லை. தர்ஷிகாவுக்கும் புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இவ அப்பா கை நீட்ட மாட்டாவ" என்றாள் கோமதி. "ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாவ. வாய் மட்டும்தான். வீட்டுக்குள்ள வந்தா மட்டும்தான். நீங்க சொன்னதுல ரெண்டோ மூணோதான் எனக்குப் புதுசு."

"அப்பாவா?" என்றாள் தர்ஷிகா.

"உனக்குத் தெரியாதுட்டி."

"நான் இதே வீட்லதானே இருந்தேன்?"

"இருந்த. காதுல மாட்டிக்கிட்டு இருந்த." கோமதி இப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "ஆறு வயசுல உனக்கு எதுக்கு அதை வாங்கிக் குடுத்தேன்னு நினைக்க? தெருமுனைல வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடியாந்து உன் காதுல மாட்டி, ஏதாவது ஒரு ஆட்டத்தப் போட்டு விடுவேன். நீ ஆடிக்கிட்டே என்னப் பாத்துச் சிரிப்ப. நானும் உன்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே எல்லாத்தையும் வாங்கிக்கிடுவேன். முடிஞ்ச பெறகு அவியளே வந்து உன் காதுலேருந்து கழத்திவிட்டு, என்ன தங்கம் ஆடுதன்னு கேப்பாவ."

தர்ஷிகா சுவரிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு வருஷம் ஒருத்தனுக்காகச் சேர்த்து வைத்ததை நாலு நாளில் தொலைத்தவள், இப்போது அதற்கும் முந்தின பதினாலு வருஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல இருந்தாள். அப்பா செத்த அன்று அழுத அழுகையைக்கூட யாருக்காக அழுதோம் என்று அவள் திரும்ப விசாரிக்க வேண்டியிருந்தது.

"கல்யாணத்த நிறுத்திருவோம்" என்றாள் கோமதி. "மாமாட்ட நான் பேசிக்கிடுதேன். பூண்டு கெட்டா போயிரும்."

எஸ்தர் வந்த காரியம் அதோடு முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வள்ளிமயில் சொல்லியனுப்பிய மன்னிப்பை எந்த இடத்தில் கேட்பது என்று பார்த்தாள்; அப்படி ஓர் இடம் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை.

"எம்மா" என்றாள் தர்ஷிகா. "அப்பா என்ன சொல்லுவாங்க?"

"போனவியளப் பத்தி இப்ப எதுக்குட்டி?"

"ஒண்ணும் மாத்தாம சொல்லும்மா."

"வேண்டாம். நீ உன் அப்பாவ அப்படியே வச்சுக்கோ."

"நான் எந்த அப்பாவம்மா வச்சிருக்கேன்?"

கோமதி முறத்தைத் தள்ளி வைத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வாசல்வரை போயிருந்த எஸ்தரைக் கூப்பிட்டு, இருங்கக்கா, தனியாச் சொல்ல எனக்கு வராது என்றாள். எஸ்தர் திரும்பி வந்து, மாமா விட்டுப்போன நாற்காலியில் உட்காராமல், தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோமதி, கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள்.